மாடிப்படிக்கு அடியில் ஒரு கடல் படகு

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு கடலில் ஓட்டப் படகு வாங்கியவன் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வீடு இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். ராமேஸ்வரம் பக்கம் இருக்கும் மண்டபம் கடற்கரைக்குப் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆகும். இருந்தும் வாங்கினேன், நான்கு வருடம் ஓடிவிட்டது. காற்றடைத்து ஓட்டும் கயாக். இரண்டு பேர் உட்காரலாம், எடை 16 கிலோ, விலை ஒரு நல்ல பழைய ஸ்கூட்டரின் விலை. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் நல்லதும் கெட்டதும் கிட்டத்தட்ட இதேதான்.

இதுவரை பதினோரு பயணம். தண்ணீரில் இறங்கிய நாட்களை எண்ணினால் முப்பது தேறாது. மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்கு அடியில் பைக்குள் சுருண்டு கிடக்கிறது. அதனால் இந்தப் படகு கடலில் எப்படிப் போகிறது என்பதைவிட மலையில் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் தெரியும்.

ஃபைபர் கயாக் அலையை வெட்டிக்கொண்டு போகும், இதைவிட வேகம், காற்றுக்கும் அசையாது. எல்லாம் சரி. பதினாறு அடி நீளத்தைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு, அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது எதிரில் பஸ் வந்தால் தெரியும் சங்கதி. டிக்கியில் மடித்துப் போடுகிற படகுதான் நமக்கு என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை.

ஆனால் காற்றடைத்த எதையும் மலை சும்மா விடாது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள் மலை வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்வார்களே, அந்த அளவு), கொடைக்கானல் உயரத்தில் 11.4 அளவுதான். என் படகின் பக்க அறைகளில் 3 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. கீழே 3 வைத்து அடைத்துவிட்டு அப்படியே மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வருடம் மண்டபத்திலிருந்து திரும்பிய நாள் அது. படகு ஈரமாக இருந்தது. மடித்து வைத்தால் நாறுமே என்று காற்றை இறக்காமல் கூரையில் கட்டி, போகிற வழியில் காயட்டும் என்று கிளம்பிவிட்டேன். வத்தலக்குண்டு வரை நன்றாகத்தான் வந்தது. டம் டம் பாறையில் டீ குடிக்க நிறுத்தினேன். உச்சி வெயில். எலிவால் அருவியைப் பார்த்துக்கொண்டு பாதி டீ குடித்திருப்பேன், பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். டயர்தான் என்று நினைத்து ஓடினேன். இடது பக்க அறையின் ஒட்டுத் தையல் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. உயரம் ஒரு பக்கம், வெயிலில் உள்ளே காற்று சூடாகி விரிந்தது ஒரு பக்கம். பாதி மலைகூட ஏறவில்லை. டீக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பேரைக் காப்பாத்திருச்சே சார் பாறை" என்றார்.

ஒட்டுவதற்கு இரண்டு மாதம் போராடினேன். பசை டப்பாவில் உலர்ந்த இடத்தில் ஒட்டச் சொல்லியிருந்தது. கொடைக்கானலில் ஐப்பசி மாதம் உலர்ந்த இடத்துக்கு எங்கே போவது? சாயங்காலம் ஒட்டினால் காலையில் தோசை மாதிரி உரிந்து வந்தது. கடைசியில் வத்தலக்குண்டில் ஃப்ளெக்ஸ் பேனர் போடும் கடையில் கொடுத்தேன். அதுவும் பிவிசி, இதுவும் பிவிசி. அந்தப் பையன் சூடான காற்று ஊதும் மெஷினை வைத்து விளிம்பை இளக்கி, உருளையால் அழுத்தி, மேலே ஒரு பட்டையும் போட்டுக் கொடுத்தான். பட்டையின் உள்பக்கம் ஏதோ காதுகுத்து பேனரின் எழுத்து. அந்த இடம் இன்றுவரை காற்று விடவில்லை.

அடுத்த எதிரி பூஞ்சை. கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவு என்று எல்லோரும் சொல்வார்கள். கழுவினால் போதாது, காய வேண்டும். தரையும் பக்கமும் சேரும் இடுக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஒளிந்திருக்கும். எத்தனை முறை கவிழ்த்தாலும் கடைசியில் அது படுக்கையறைத் தரையில்தான் வெளியே வரும். முதல் வருடம் அப்படியே மடித்து வைத்து, தை மாதம் பிரித்தபோது கறுப்புப் புள்ளி படர்ந்திருந்தது. வினிகர் போட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. இப்போது மண்டபத்திலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, கழுவி, நிழலில் காயவைத்துத்தான் மடிக்கிறேன். லாட்ஜ் வாடகையையும் படகின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடலுக்கு வருகிறேன். இந்த ரகப் படகு தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, உள்ளே இறங்கி உட்காருவதில்லை. அடியில் செருகும், மீன் துடுப்பு மாதிரியான ஒரு பிளாஸ்டிக் தகடு இல்லாவிட்டால் மூக்கு ஒவ்வொரு தள்ளுக்கும் இடமும் வலமும் ஆடும். காற்று வீசினால் படகே ஒரு பாய்.

இதை ஒரு ஜூலை மாதம் கற்றேன். மண்டபத்தின் வடக்குக் கரை, பாக் விரிகுடாப் பக்கம். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, கரையோரத்தப் பாத்து ஏமாறாதீங்க. கச்சான் தரையில இருந்து கடலுக்குத் தள்ளுது. போறப்ப சொகமா இருக்கும்" என்றார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. "சரிண்ணே, பக்கத்துலதான்" என்று மச்சானை முன்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஐந்து நிமிடத்தில் முன்னூறு மீட்டர் போயிருப்போம், துடுப்பே போடாத மாதிரி. திரும்பினால் படகு நின்ற இடத்தில் நிற்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மரமும் வீடும் கரையோரத்தை மறைத்துக்கொள்ளும். வெளியே போகப் போகத்தான் அதன் பலம் தெரியும். அந்தக் கரையிலிருந்து அது தள்ளுவது திறந்த கடலை நோக்கி. மச்சானைப் படகுக்குள் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன், காற்றுக்கு ஒரு ஆள் குறையட்டும் என்று. அவர் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துத் திட்டினார். கரை சேர நாற்பது நிமிடம். பெரியவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அன்றிலிருந்து மாசி, பங்குனி மட்டும்தான். வாடை ஓய்ந்து கச்சான் கிளம்பாத இடைவெளி. விடிந்ததும் இறங்கினால் ஒன்பது மணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடக்குக் கரையைக் கலக்கிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நடமாட்டம் இருக்காது என்பது ஒரு வசதி, ஆனால் அதன் பின்பாதியில் காற்று தொடங்கிவிடும்.

தீவு தீவாகச் சுற்றலாம் என்று கனவு கண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் கரையேறி இட்லிப் பொட்டலம் பிரிக்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். (21 என்பதும் பழைய கணக்கு, இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன.) பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும், அங்கே இந்தப் படகோடு போகவே கூடாது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பாறைக்கரையை ஒரு தடவை பார்த்தேன். பாறையில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த அலையோடு முட்டி, தண்ணீர் நட்டுக்குத்தலாக எழும்புகிறது. படகை டிக்கியிலிருந்து இறக்காமலே, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

வாங்குவதா வேண்டாமா என்று இருப்பவர்கள் முதலில் காரங்காடு போய்ப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம்தான், அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்ட வனத்துறையே ஏற்பாடு செய்திருக்கிறது. அப்புறம் கவிழ்ந்தால் ஏறப் பழக வேண்டும். நான் பழகியது பண்ணைக்காட்டில், நண்பனின் காப்பித் தோட்டக் குட்டையில். லைஃப் ஜாக்கெட்டோடு குதித்து, கவிழ்ந்த படகைப் புரட்டி, வயிறு படிய மேலே சரிந்து ஏறுவது. முதல் ஆறு தடவை ஏறிய வேகத்தில் மறுபக்கம் விழுந்தேன். தோட்டத்தில் வேலை செய்த அக்காமார் மிளகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அலுமினியத் துடுப்பின் இணைப்புகளை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். உப்பு பூத்து இறுகினால் கழலாது. என்னுடையது ஒரு வருடம் ஏழடிக் கம்பாகவே இருந்தது, காரில் பின்சீட்டிலிருந்து கியர் வரை நீட்டிக்கொண்டு.

கேட்கிறவர்களுக்கு இப்போது இரவல் தருகிறேன். போன மாதம் ஒரு தம்பி வாங்கிப் போனான். மணல் இருந்தாலும் பரவாயில்லை, வத்தலக்குண்டிலேயே மூடியைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மலை ஏறு என்றுதான் சொல்லி அனுப்பினேன். அரைக்கிலோ மணலோடு வந்தது. மூடி திறந்துதான் இருந்தது.