டெவில் மே கிரை 5: மூவர் கையில் ஒரு குடும்பப் பகை

அரக்கரை வெட்டி வீழ்த்தும் வீடியோ விளையாட்டுகளில் கதை என்பது பெரும்பாலும் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடையே ஓடும் காட்சித் துண்டாகவே நின்றுவிடுகிறது. காப்காம் நிறுவனம் 2019 மார்ச் 8 அன்று வெளியிட்ட ‘டெவில் மே கிரை 5’ இன்றும் எனக்கு முக்கியமான படைப்பாகத் தோன்றுகிறது. அதன் மாந்தர் எதை இழந்தார்கள், எதற்காக ஏங்குகிறார்கள் என்பதை விளையாடுபவர் தம் விரல்களாலேயே அறிந்துகொள்ளும்படி சண்டை முறை அமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதை விளக்க இயலாது. ஆகவே முடிவு வரையிலான நிகழ்வுகள் இங்கே பேசப்படுகின்றன. புதிதாக விளையாட எண்ணியிருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படிப்பதே நல்லது.

இந்தத் தொடரின் முதல் விளையாட்டு 2001இல் பிளேஸ்டேஷன் 2க்காக வந்தது. ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் விளையாட்டுத் தொடரின் அடுத்த பாகமாகத் தொடங்கிய ஒரு முயற்சி, அந்தத் தொடரின் இயல்பிலிருந்து வெகுவாக விலகிப்போனதால் தனி விளையாட்டாக உருவெடுத்தது என்பது தொடரின் ரசிகர்கள் பலரும் அறிந்த வரலாறு. மூன்றாம், நான்காம் பாகங்களை இயக்கிய ஹிடேயாகி இட்சுனோதான் ஐந்தாம் பாகத்தையும் இயக்கினார். நான்காம் பாகம் 2008இல் வந்தது. இடையில் 2013இல் வேறொரு நிறுவனம் உருவாக்கிய, கதையை அடியோடு மாற்றி அமைத்த பதிப்பு ஒன்று வெளிவந்தாலும், பழைய கதையின் தொடர்ச்சிக்காக ரசிகர்கள் 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரெட் கிரேவ் என்னும் நகரத்தின் நடுவே கிளிஃபோத் என்ற பாதாள மரம் முளைத்து, மனிதர்களின் குருதியை உறிஞ்சி வளர்கிறது. அதன் உள்ளே யூரிசென் என்னும் அரக்க மன்னன் அமர்ந்திருக்கிறான். அவனை எதிர்க்கச் சென்ற, தொடரின் நாயகனான டான்டே தோற்று மறைகிறான். அவனுக்குத் துணையாக வந்த இளைஞன் நீரோவும் பின்வாங்கி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அந்த நகரத்துக்குள் நுழைகிறான். இவ்விருவரையும் இந்தப் போருக்கு அழைத்து வந்தவன் ‘வி’ என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட, உடல் முழுதும் பச்சை குத்திய, ஊன்றுகோலும் கவிதை நூலுமாகத் திரியும் மெலிந்த மனிதன். முன்னுரையும் ‘மிஷன்’ எனப்படும் 20 பகுதிகளும் கொண்ட கதை, தேதியும் நேரமும் திரையில் காட்டியபடி முன்னும் பின்னும் தாவுகிறது. முதல் சில மணி நேரம் இந்தத் தாவல் குழப்பமாகவே இருக்கும். ஆயினும் அந்தத் தோல்வியைத் தொடக்கத்திலேயே காட்டி, அதற்கான காரணத்தைப் பின்னால் ஒவ்வொன்றாக அவிழ்ப்பதால், ‘வி’ யார் என்ற கேள்வி நம்மை விடாமல் இழுத்துச் செல்கிறது.

நீரோவின் சண்டை முறையில்தான் இந்த விளையாட்டின் எண்ணம் முதலில் தெளிவாகத் தெரிகிறது. நான்காம் பாகத்தில் அவனுடைய வலக்கை அரக்கக் கையாக இருந்தது. எதிரியைத் தொலைவிலிருந்து பற்றி இழுக்கவும் தூக்கி அறையவும் அதுவே அவனுக்குப் பெரும்பலம். ஐந்தாம் பாகத்தின் கதை தொடங்கும்போது, முக்காடிட்ட ஒருவன் அந்தக் கையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அதன் இடத்தில் நிகோ என்ற கைவினைக் கலைஞர் செய்து தரும் ‘டெவில் பிரேக்கர்’ எனப்படும் இயந்திரக் கைகள் பொருத்தப்படுகின்றன. மின்னதிர்ச்சி பாய்ச்சும் கை ஒன்று, ராக்கெட்டைப் போலப் பறந்து சென்று குத்தும் கை ஒன்று, ஓரிடத்தில் காலத்தையே மந்தமாக்கும் கை ஒன்று என்று வகைகள் பல உள்ளன. இவை எளிதில் உடைந்துவிடும் என்பதும், வரிசையில் அடுத்துள்ள கை வேண்டுமானால் இப்போது பொருத்தியிருப்பதை உடைத்தோ வெடிக்கச்செய்தோதான் ஆக வேண்டும் என்பதும் இங்கே விதி. ஒரு கையின் முழு ஆற்றலையும் கூட்டிப் பாய்ச்சும்போது எதிரி நம்மை அடித்துவிட்டால் கையும் போய்விடும். அரக்கன் ஒருவன் நம்மைப் பற்றிக்கொண்டால் கையை வெடிக்கச்செய்து தப்பலாம்.

விரும்பிய கருவியை விரும்பிய நேரத்தில் எடுக்க முடியவில்லையே என்று பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அந்தத் தடையே நீரோவின் நிலையாகத் தெரிகிறது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கை இல்லாமல், இரவல் கைகளை ஒவ்வொன்றாக இழந்தபடி, தன்னைப் பிறர் சுமையாக எண்ணிவிடுவார்களோ என்ற கோபத்தோடு ஓடுகிறவன் அவன். முதல் தோல்வியின்போது டான்டே அவனைப் பாரம் என்று திட்டி விரட்டிய சொல் அவன் நெஞ்சில் தைத்திருக்கிறது. கடைசி மிஷனில் அந்தக் கை தானாகவே மீண்டும் முளைக்கும்போது, அதுவரை இழந்து இழந்து விளையாடிய விரல்களுக்கு அதன் பொருள் உடனே புரிந்துவிடும். அங்கே வசனமே தேவைப்படுவதில்லை.

நீரோவின் ‘ரெட் குவீன்’ வாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கைப்பிடியை மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டரைப் போல முறுக்கினால் அடுத்த வெட்டு தீப்பற்றிக் கூடுதல் வலுவோடு விழும். வெட்டு எதிரியின்மீது படும் அதே கணத்தில் முறுக்குப் பொத்தானை அழுத்தினால் காத்திருக்காமலேயே அந்த ஆற்றல் ஏறிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் கணம் வேறு. ஆகவே அதைப் பிடிக்கப் பழகுவது தாளம் பயில்வதற்கு நிகரானது. இவ்வளவு நுட்பமான ஒன்றை விளையாட்டு கட்டாயமாக்கவில்லை. அது தெரியாமலேயே கதையை முடித்துவிடலாம். தெரிந்துகொண்டவருக்கோ அதே அரக்கர் கூட்டம் முற்றிலும் வேறான அனுபவமாக மாறிவிடுகிறது.

‘வி’ வாளெடுத்துச் சண்டையிடுவதில்லை. கிரிஃபன் என்ற பறவையும் ஷேடோ என்ற கருஞ்சிறுத்தையும் அவனுக்காகப் போரிடுகின்றன. ஆற்றல் நிரம்பியதும் நைட்மேர் என்ற பாறையுடல் பூதம் வந்து இறங்குகிறது. இவை எதிரியை உயிர்போகும் நிலைவரை கொண்டுவர முடியுமே தவிரக் கொல்ல முடியாது. ‘வி’யே நெருங்கிச் சென்று ஊன்றுகோலால் குத்தி முடிக்க வேண்டும். அடிபட்டு ஒடுங்கிய விலங்கு விரைவில் மீள வேண்டுமானால் அவன் அதன் அருகே நிற்க வேண்டும். ஓர் அடியைத் தாங்கவும் வலுவற்ற உடலை ஆபத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும் இந்த அமைப்பு, உடல் சிதைந்துகொண்டிருக்கும் அந்த மனிதனின் கதையோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் கதைக்குப் பொருந்துவது எல்லாம் கைக்கும் இனிப்பதில்லை. ‘வி’யை ஆட்டுவிக்கும்போது, நாம் அழுத்தும் பொத்தானுக்கும் அது விளைவிக்கும் அடிக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. விலங்குகள் ஓரிடத்திலும் நாம் வேறிடத்திலும் நிற்பதால் கேமரா யாரைப் பின்தொடர்வது என்று தடுமாறுகிறது. அடி படுகிறதா இல்லையா என்று பார்க்க முடியாமலே பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கும் நேரங்கள் பல. தேர்ந்தவர்கள் அவனைக் கொண்டும் அற்புதங்கள் செய்கிறார்கள். ஆயினும் மற்ற இருவரிடமும் உள்ள துல்லியம் இவனிடம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

டான்டே 10ஆம் மிஷனில்தான் நம் கைக்கு வருகிறான். தொடரின் நாயகனை ஏறக்குறையப் பாதிக் கதை முடியும்வரை ஒளித்து வைத்தது துணிச்சலான முடிவு. அதன் பயனும் பெரிது. இல்லாமையிலும் இயலாமையிலும் பழகிய விரல்களுக்கு, திடீரென்று எல்லாமே கிடைத்துவிடுகிறது. நான்கு சண்டைப் பாணிகளை எந்தக் கணத்திலும் மாற்றலாம்: விலகித் தாவுவதற்கு ஒன்று, வாள்வீச்சுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று, எதிரியின் அடியை ஏற்றுச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒன்று. பெரிய வாள்கள், கையுறையும் காலணியுமாக எரியும் ‘பால்ரோக்’, பனி, தீ, மின்னல் மூன்றும் கொண்ட ‘கிங் செர்பரஸ்’, இரண்டாகப் பிளந்து இரு கைகளிலும் ஏந்தும் மோட்டார் சைக்கிள் என்று ஆயுதங்களும் நிறைய. திறன்களை வாங்குவதற்காகச் சேர்த்த சிவப்பு உருண்டைகளையே செலவழித்துத் தாக்கும் தொப்பி ஒன்றும் உண்டு. அதைப் பெற்ற மகிழ்ச்சியில் டான்டே ஆடும் ஆட்டம் இந்த விளையாட்டின் குணத்தைச் சொல்லும் காட்சி.

டான்டேயின் சண்டையில் நான் வியப்பது, இத்தனை பொத்தான்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இசைந்து நிற்பதைத்தான். வானில் எதிரியின்மேல் மிதித்து எழும்போது, முடியாமல் இருந்த வெட்டின் எஞ்சிய அசைவு அறுபட்டு, அடுத்த தாக்குதலை உடனே தொடங்க முடிகிறது. இந்த ஒரு விதியை மையமாக வைத்து, தரையில் கால் படாமலேயே ‘காம்போ’ எனப்படும் நீண்ட தொடர் தாக்குதல்களைக் கட்டுகிறார்கள் விற்பன்னர்கள். அதைப் பயில்வதற்கென்று தனியாக ஒரு பயிற்சிக் களமும் தரப்பட்டுள்ளது. எதிரியைத் தேர்ந்து, அவன் தாக்காதபடி நிறுத்திவைத்துப் பழகலாம்.

இவை அனைத்தையும் அளக்கும் கோல், தொடரின் பழைய அடையாளமான தரவரிசை. ‘டி’யில் தொடங்கி ‘எஸ்எஸ்எஸ்’ வரை ஏறும் அந்த எழுத்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பவரை உயர விடாது. அடிகளில் வேறுபாடு காட்டினால் ஏறும், எதிரியிடம் அடி வாங்கினால் இறங்கும். இந்தப் பாகத்தில் இசையையும் அதனோடு பிணைத்திருக்கிறார்கள். சண்டை தொடங்கும்போது பாடல் அடக்கமாகவே ஒலிக்கும். தரம் ‘எஸ்’ஸை எட்டும்போதுதான் பல்லவி முழு வீச்சில் வெடிக்கும். மதிப்பெண் என்ற வறண்ட எண், காதில் விழும் பரிசாகிவிடுகிறது. உயிரோடு தப்பினால் போதும் என்று நினைத்து வந்தவரையும் அழகாகச் சண்டையிட வேண்டும் என்ற ஆசைக்கு இழுத்துவிடும் இந்த உத்திக்கு இணையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கதையின் உச்சத்தில் அனைத்தும் ஒரு குடும்பத்துக்குள் வந்து சேர்கிறது. டான்டேயின் இரட்டைச் சகோதரன் வெர்ஜில், நீரோவின் கையோடு சேர்த்துக் கவர்ந்த ‘யமாட்டோ’ வாளால் தன்னையே இரு கூறாக்கிக்கொண்டான். அரக்கப் பாதி யூரிசென், மனிதப் பாதி ‘வி’. இரு பாதிகளும் மீண்டும் ஒன்றாகி வெர்ஜில் எழுந்து நிற்கும்போது, தன் கையைப் பறித்தவனே தன் தந்தை என்பதை நீரோ டான்டேயின் வாயால் அறிகிறான். ‘வி’யோடு திரிந்த விலங்குகளும் வெர்ஜில் உதறித் தள்ளிய கொடுங்கனவுகளே. அவை டான்டேயை எதிர்த்து நின்று வேண்டுமென்றே மாய்ந்துபோகும் சண்டை, இந்த விளையாட்டில் என்னை மிகவும் உருக்கிய பகுதி. சிறுவயதில் தாயை இழந்த நாளில் தங்கள் இடங்கள் மாறியிருந்தால் வாழ்க்கையும் மாறியிருக்குமோ என்று வெர்ஜில் கேட்கும் இடத்தில், கேலியும் ஆர்ப்பாட்டமுமாக ஓடிவந்த கதை தன் உண்மையான துயரத்தைத் தொட்டுவிடுகிறது. அண்ணன் தம்பி இருவரையும் நீரோ இடையில் புகுந்து தடுப்பதும், அந்தத் தந்தையை நீரோவாக நாமே எதிர்கொள்வதும் நேர்மையான முடிவு.

குறைகளும் சிறியவை அல்ல. லேடி, டிரிஷ் என்ற இரு பெண்களும் முந்தைய பாகங்களில் தாமே அரக்கரை வேட்டையாடியவர்கள்; இங்கே அவர்கள் அரக்கரின் உடலுக்குள் அடைபட்டு, மீட்கப்பட்டு, பிறகு வண்டியில் உட்கார்ந்திருப்பதோடு சரி. அவர்கள் மீட்கப்படும் காட்சிகளில் உடலை வெறும் காட்சிப் பொருளாக்கியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. நிகோ ஒருத்தியே உயிர்ப்போடு எழுதப்பட்டிருக்கிறாள். அடுத்தது, களங்களின் அமைப்பு. தொடக்கத்தில் இடிந்த நகரத் தெருக்கள் கண்ணைக் கவர்கின்றன. மரத்துக்குள் இறங்கியபின் சிவந்த வேர்களும் சுவர்களுமாக ஒரே தோற்றம் நீள்கிறது. ஒரு குறுகிய வழி, ஒரு வட்டமான திடல், மீண்டும் குறுகிய வழி என்று பின்பாதி சலிப்பூட்டுகிறது. திறன்களை வாங்கப் பயன்படும் சிவப்பு உருண்டைகளை உண்மையான பணத்துக்கும் விற்றார்கள். விளையாடினாலே போதுமான அளவு கிடைத்துவிடுவதால் அது தேவையில்லாத கடைவிரிப்பு.

முதன்முறை விளையாடுபவர்கள் ‘டெவில் ஹன்டர்’ நிலையில் தொடங்குவது நன்று. அதைவிட எளிய ‘ஹியூமன்’ நிலையில் அரக்கர்கள் சண்டையைக் கற்றுத்தரும் முன்பே வீழ்ந்துவிடுகிறார்கள். முடித்தபின் திறக்கும் ‘சன் ஆஃப் ஸ்பார்டா’ நிலையில் எதிரிகளின் சேர்க்கையே மாறிவிடுவதால், சண்டையின் முழு ஆழமும் அங்கேதான் தெரியும். கதையின்றிச் சண்டை மட்டும் வேண்டுவோருக்கு 101 தளங்கள் கொண்ட ‘பிளடி பேலஸ்’ 2019 ஏப்ரலில் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றுக்கு வந்த சிறப்புப் பதிப்பில் வெர்ஜிலாகவே விளையாடலாம். பதறி ஓடினாலும் வெட்டு தவறினாலும் குறைந்து, நிதானமாக நடந்தால் கூடும் ஒருமுகப்பாட்டு அளவு அவன் ஆற்றலை ஆள்கிறது. அவன் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஆனால் அவனுக்கென்று புதிய கதை ஏறக்குறைய எதுவும் எழுதப்படவில்லை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் கணினி ஆகியவற்றில் முதல் பதிப்பை வைத்திருப்பவர்கள் வெர்ஜிலைத் தனிச் சேர்க்கையாக வாங்கிக்கொள்ளலாம். அவனுக்காக விளையாட்டை மறுபடி முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை.