பொன்னிற ஆயிலை நம்பி 1,27,500 ரூபாயைத் தொலைத்தேன்: பழைய கார் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலைதான் மெக்கானிக்கிடம் பணத்தைக் கட்டி, என்ஜின் சரிசெய்த வண்டியை எடுத்துவந்தேன். எல்லாச் செலவும் சேர்த்து 1,27,500 ரூபாய். பில் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. கோபம் ஆறிவிட்டால் பாதியை மறந்துவிடுவேன் என்பதால் இரவோடு இரவாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைச் சொல்லப்போவதில்லை. வழக்குப் போடப்போகிறேன்; அதுவரை வாயைக் கட்டு என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதில் இரண்டு தரப்பு. ஒன்று, பழைய கார்களை இணையத்தில் விற்கும் பெரிய தளம். திருச்சியில் பளபளவென்று கண்ணாடி ஷோரூமும் வைத்திருக்கிறது. மற்றொன்று, அந்தத் தளத்தோடு கைகோத்து வாரண்டி விற்கும் நிறுவனம். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை ஐந்து வாரமாகப் பந்தாடின.

போன செப்டம்பரில் வாங்கினேன். 2017ஆம் ஆண்டு டீசல் கார். ஓடியிருந்தது 61,240 கிலோமீட்டர். விலை 4,85,000. அதற்கு மேல் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு வாரண்டி, வரியோடு சேர்த்து 14,160 ரூபாய். விளம்பரத்தில் 'முழு சர்வீஸ் வரலாறு உண்டு', '200 அம்சச் சோதனையில் தேறியது' என்று பச்சை டிக் போட்டிருந்தார்கள்.

என் அப்பா முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷோரூமுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சர்வீஸ் புத்தகம் எங்கே?" என்பதுதான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு வந்த பையன் சிரித்தான். "இப்போது புத்தகமெல்லாம் இல்லை ஐயா, எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது. டெலிவரி அன்று மின்னஞ்சலில் வந்துவிடும்" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவன் செய்த ஒரு காரியத்தில்தான் நான் விழுந்தேன். பானெட்டைத் திறந்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, திரும்பவும் உள்ளே விட்டு எடுத்து, என் கண்ணுக்கு நேராக நீட்டினான். நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. "பாருங்கள் சார், தங்கம் மாதிரி இருக்கிறது. இப்படிப் பராமரித்த வண்டி கிடைக்காது." துணியிலும் கறை இல்லை, லேசான மஞ்சள்தான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அங்கேயே 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். அந்த ஒரு சொட்டு ஆயிலைப் பார்த்துத்தான் அனுப்பினேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

டெலிவரி அன்று மின்னஞ்சல் வந்தது. அதில் வாரண்டி அட்டை இருந்தது, வாழ்த்து இருந்தது, சர்வீஸ் வரலாறு மட்டும் இல்லை. இரண்டு முறை கேட்டேன். "வந்துவிடும் சார்" என்றார்கள். வண்டி நன்றாக ஓடியதால் நானும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9. அப்பாவுக்கு மதுரையில் கண் பரிசோதனை. இரண்டு கண்ணிலும் புரை. விடியற்காலையில் கிளம்பினோம். விராலிமலை தாண்டி, துவரங்குறிச்சிக்குச் சற்று முன்னால், அப்பா திடீரென்று சொன்னார்: "தம்பி, ஓரம் கட்டு. சத்தம் சரியில்லை." எனக்கு எதுவும் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் மீட்டரில் சிவப்பாக, ஆயில் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் எண்ணெய்க் கிண்டிப் படம் எரிந்தது. இங்கே என் தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடனே நிறுத்தவில்லை. கண் தெரியாத மனிதரை நாற்கர சாலையின் ஓரத்தில் இறக்கி நிறுத்துவதா, ஊருக்குள் போய்விடலாமே என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். முதலில் டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம். பிறகு கடகடவென்று இரும்பு உதறல். அப்புறம் சத்தமே இல்லை. என்ஜின் சுழல முடியாமல் இறுகி நின்றுவிட்டது. மீட்டர் 66,852 காட்டியது.

டீக்கடை வாசலில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு வாரண்டி எண்ணுக்கு அழைத்தேன். பாட்டுப் போட்டார்கள், இருபது நிமிடம். பிறகு பேசிய பெண், மீட்பு வண்டிச் செலவு வாரண்டியில் வராது, அங்கீகாரம் பெற்ற ஒர்க்ஷாப்புக்கு நானே கொண்டுபோக வேண்டும் என்றார். திருச்சிக்கு இழுத்துவர 5,500. அப்பா அன்று மதுரைக்குப் போகவில்லை.

ஒர்க்ஷாப்பில் அடுத்த வேடிக்கை. என்ஜினைக் கழற்றிப் பார்க்காமல் காரணம் சொல்ல முடியாதாம். கழற்ற நான் கையெழுத்துப் போட வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டால் கழற்றும் கூலியை அவர்கள் தருவார்கள். நிராகரித்தால் நான்தான் தர வேண்டும். நிராகரிக்கப்போவதும் அவர்களே, அதற்கான ஆதாரத்தைத் தேடிக் கழற்றச் சொல்வதும் அவர்களே, கூலி மட்டும் என்னுடையது. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் விலை 11,800 ரூபாய்.

கழற்றியபோது நானும் நின்றிருந்தேன். அடியில் இருக்கும் ஆயில் சேம்பரை இறக்கினார்கள். உள்ளே அல்வாச் சட்டியின் அடிப்பிடிப்பு போல விரல் கனத்துக்குக் கறுப்புக் கசடு. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சிறு கம்பி வலை இருக்கும். அதில் ஓட்டையே தெரியவில்லை. தார் பூசியது போல மூடியிருந்தது. வலை அடைத்தால் பம்பு எதை உறிஞ்சும்? ஆயில் மேலே ஏறவில்லை, என்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகள் வறண்டு தேய்ந்து ஒட்டிக்கொண்டன, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் போயிற்று. ஒர்க்ஷாப்காரர் விரலால் கசடை வழித்துக் காட்டி, "இது ஒரு வருடத்து அழுக்கு இல்லை சார்" என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆறு நாள் கழித்து வாரண்டி நிறுவனத்தின் ஆள் வந்தார். பதினைந்து நிமிடம், நிறையப் புகைப்படம். மறுநாள் நிராகரிப்புக் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்போ அதில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும், வாங்கிய பிறகு வண்டி 5,612 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு: என்ஜினில் 'நீண்டகாலப் பராமரிப்பின்மையால் ஏற்பட்ட கசடு' காணப்படுகிறது, பராமரிப்பின்மை வாரண்டியில் அடங்காது.

612 கிலோமீட்டர் தாமதம் உண்மை. மதுரைக்குப் போய்வந்து சர்வீஸுக்கு விடலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் அந்த இரண்டாவது காரணத்தை மறுபடியும் படியுங்கள். நீண்டகாலம்! என்னிடம் அந்த வண்டி இருந்ததே ஐந்து மாதம். மீதிக் காலம் யாருடையது? 612 கிலோமீட்டரில் விரல் கனத்துக்குக் கசடு உறையுமா? எவனோ ஆயில் மாற்றாமல் ஓட்டிய பாவத்தை, '200 அம்சம்' சோதித்து இவர்களே விற்றுவிட்டு, அதே பாவத்தைக் காட்டி எனக்கு வாரண்டி இல்லை என்கிறார்கள். விற்கும்போது நல்ல பராமரிப்பு, கேட்கும்போது நீண்டகாலப் பராமரிப்பின்மை. ஒரே என்ஜின்தான்!

சந்தேகம் வந்து, அந்த கார் நிறுவனத்தின் அங்கீகார சர்வீஸ் மையத்துக்கு ஆர்.சி. புத்தகத்தோடு போனேன். பத்து நிமிட வேலை. கடைசிப் பதிவு 2020 ஜனவரி, 28,410 கிலோமீட்டரில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இந்த வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். வெளியே எங்காவது மாற்றியிருக்கலாமே என்று நானே அவர்களுக்காக வாதாடிப் பார்த்தேன். அந்தக் கசடைப் பார்த்த பிறகு அந்த வாதம் நிற்காது.

இனி ஓட்டம். ஷோரூமுக்குப் போனால், "அது வாரண்டி கம்பெனி விஷயம் சார்." வாரண்டி நிறுவனத்துக்கு அழைத்தால், "வாங்குவதற்கு முந்தைய நிலைக்கு விற்றவர்தான் பொறுப்பு." தளத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பிடித்தால், "உங்கள் கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, 48 வேலை மணி நேரத்தில் அழைப்பார்கள்." வேலை மணி நேரம் என்று ஒன்றை அப்போதுதான் கேள்விப்பட்டேன், கணக்குப் பார்த்தால் அது ஆறு நாள். ஆறாம் நாள் யாரும் அழைக்கவில்லை. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்திதான் வந்தது. மறுபடி புகார், மறுபடி புது எண், மறுபடி முதலிலிருந்து கதை. நான்கு புகார் எண்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதுக் குரல் கேட்கும்: "வண்டிக்கு என்ன பிரச்சினை சார்?"

டேப்லெட் பையனைத் தேடினேன். வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். அவன் இடத்தில் இருந்தவன் இன்னொரு குடும்பத்துக்கு ஆயில் கம்பியை உருவிக் காட்டிக்கொண்டிருந்தான். அதே வெள்ளைத் துணி. அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அது வேறு உறுத்துகிறது. இந்தப் பதிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கீகார ஒர்க்ஷாப் தந்த எஸ்டிமேட் 2,14,000. வண்டி விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு! திருச்சியில் பால்பண்ணைப் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கொண்டுபோனேன். கிராங்க், பேரிங், பிஸ்டன் ரிங், ஆயில் பம்பு, டர்போ, கூலி எல்லாம் சேர்த்து 1,10,200. இழுத்துவந்த 5,500, கழற்றிய 11,800 இரண்டையும் கூட்டுங்கள். 1,27,500. வாரண்டிக்குக் கொடுத்த 14,160ஐ இதில் சேர்க்கவில்லை. அதைத் தனியாக வயிற்றெரிச்சல் கணக்கில் வைத்திருக்கிறேன்.

பாயிடம்தான் அந்தத் தங்கச் சொட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும் தம்பி. புகைக்கரி அதில்தான் இறங்கும். ஆயில் கறுப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். தேன் மாதிரி இருந்தது என்றால் நீங்கள் வருவதற்கு முன்னால்தான் ஊற்றியிருக்கிறான்." அதோடு நிற்கவில்லை. புது ஆயிலுக்கு அழுக்கைக் கரைத்துப் பெயர்க்கும் குணம் உண்டாம். பல வருடம் சுவரில் ஒட்டிக்கிடந்த கசடு இளகி, கட்டி கட்டியாகக் கழன்று, அந்த வலையில் போய் அடைத்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. என் கண்ணை மயக்கிய அதே ஆயில்தான் என்ஜினையும் கொன்றிருக்கிறது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. சர்வீஸ் புத்தகம் என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது, இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் அனுப்பும் முன் சர்வீஸ் பதிவைக் கையில் வாங்குங்கள். 'மின்னஞ்சலில் வரும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டீசல் வண்டியில் ஆயில் பளிச்சென்று இருந்தால், எப்போது, எந்த பில்லில் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் கெட்டியாகக் கசடு வந்தால் வண்டி வேண்டாம். வாரண்டித் தாளில் எதெல்லாம் அடங்காது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். என்னைப் போல சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு கிலோமீட்டர்கூட. சிவப்பு விளக்கு எரிந்தால் நடு ரோடானாலும் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

இணையத்தில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்காமல் நேரே அவருக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. என் வண்டி 4,85,000. அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

வக்கீல் நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. அடைத்துக்கொண்ட அந்தக் கம்பி வலையைக் கழுவாமல் அப்படியே பாலிதீன் பையில் போட்டு, தேதி எழுதி, பாய் கொடுத்திருக்கிறார். பரணில் வைத்திருக்கிறேன். கருகிய ஆயில் வாடை கூடம் வரைக்கும் வருகிறது. தூக்கி எறியச் சொல்கிறாள் மனைவி. வழக்கு முடியும்வரை அது அங்கேதான் இருக்கும்.