முத்து பார்க்க: டோபாவா, முஹர்ரக்கா?

நகைதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜப்பானின் டோபாதான். மிக்கிமோட்டோ கோகிச்சி 1893-இல் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்த தீவிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. சிப்பிக்குள் கிளிஞ்சல் ஓட்டில் செய்த மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் எப்படி வைக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார்கள். 1937 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்த ‘யகுருமா’வின் முன் நின்றால் நகர மனம் வராது: ஒரே நகை, கழற்றி மாற்றிப் பல விதமாக அணியலாம். வெள்ளை உடையில் அமா எனப்படும், மூச்சடக்கிக் கடலில் குளிக்கும் பெண்கள் மூழ்கிக் காட்டுவதும் உண்டு. அது கொஞ்சம் சுற்றுலா வித்தைதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பஹ்ரைனின் முஹர்ரக் வேறு ரகம். கண்ணாடிப் பெட்டி குறைவு, நடை அதிகம். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முத்துப் பாதை, பூ மாஹிர் கோட்டைக் கரையிலிருந்து வணிகர் வீடுகளின் ஊடே சுமார் மூன்றரை கிலோமீட்டர் போகிறது. காலில் கல்லோடு கடலில் இறங்கி, கரையில் கடனில் மூழ்கியவர்களின் கதை அது. (மன்னார் குளியாட்களும் இறங்கியது கல்லோடுதான்.) வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1930-களில், இந்தத் தொழில் சரிந்தது. டோபாவின் மினுக்கம் இங்கே கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு முஹர்ரக்குக்கே. கோடையில் மட்டும் போய்விடாதீர்கள், வெயில் வாட்டிவிடும்.