ரெவிட்டிலிருந்து ஆட்டோகேட்: கதவுச் சின்னத்தின் லேயரை எந்த வழியில் அனுப்புவது?

ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் தரைத்தள வரைபடத்தை ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளிலிருந்து ஆட்டோகேட்டின் கோப்பு வடிவமான டி.டபிள்யூ.ஜி. ஆக்கி மின் ஆலோசகருக்கு அனுப்பினேன். மறுநாளே ஃபோன் வந்தது. "சார், ஏ-டோர் லேயரை கிரே ஆக்கிட்டேன். நாலு கதவு மட்டும் சிவப்பாவே நிக்குது." லேயர் என்பது ஒரு வகைக் கோடுகளைச் சேர்த்து வைக்கும் அடுக்கு; ஏ-டோர் கதவுகளுக்கானது. சிவப்பாக நின்றவை தீத்தடுப்புக் கதவுகள். எங்கள் வசதிக்காக வியூவில் ஃபில்டர் போட்டு நான் கொடுத்த சிவப்பு அது. அந்தக் கதவைத் தேர்ந்து பிராப்பர்டீஸைப் பார்த்தால், நிறத்தில் பைலேயர் (லேயரின் நிறமே பொருளுக்கும்) என்று இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு உட்கார்ந்திருந்தது.

எக்ஸ்போர்ட் செட்டப்பில் லேயர் பகுதியில் மூன்று வழிகள் உண்டு. முதலாவதில் வகையின் பண்புகள் லேயர்வழி போகும், ஓவர்ரைடுகள் (அந்தச் சிவப்பு போல வியூவில் தனியாக மாற்றியவை) ஒவ்வொரு பொருளோடும் ஒட்டிக்கொண்டு போகும். இரண்டாவதில் எல்லாம் லேயர்வழிதான், ஓவர்ரைடு கிடையாது. மூன்றாவதும் லேயர்வழிதான், ஆனால் ஓவர்ரைடுகளுக்குப் புது லேயர்கள் பிறக்கும். தாளில் பார்க்க முதலாவதுதான் ரெவிட் திரைக்கு மிக நெருக்கம். பி.டி.எஃப். போலப் பார்த்துவிட்டு மூடி வைக்கும் கோப்பு என்றால் அதுவே போதும்.

நான் இப்போது இரண்டாவதையே வைத்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: பராமரிப்பு. வரைபடம் ஒருமுறை போவதோடு முடிவதில்லை. வீட்டுக்காரர் சமையலறையை மாற்றச் சொல்வார், திரும்ப எக்ஸ்போர்ட், திரும்ப எக்ஸ்ரெஃப் (எங்கள் கோப்பை ஆலோசகர் தன் வரைபடத்தில் இணைப்பது). ஆட்டோகேட்டில் செட்பைலேயர் கட்டளை கொடுத்து, பிளாக்குகளையும் (ஒரே பொருளாகக் கட்டிய கோட்டுத் தொகுப்புகள்) சேர்க்கச் சொன்னால் ஒட்டிய நிறங்கள் உதிர்ந்துவிடும், சரி. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் அவர் செய்ய வேண்டும். ஒருமுறை மறந்தாலும் எங்கள் கதவு அவருடைய விளக்குகளைவிடத் தூக்கலாகத் தெரியும். இரண்டாவது வழியில் அவர் லேயர் நிறத்தை ஒருமுறை அமைத்தால் போதும், கோப்பு எத்தனை முறை மாறினாலும் அது நிற்கும். கூடவே வண்ணப் பகுதியில் 255 எண் வண்ணங்களையே தேர்ந்தெடுங்கள். ஆர்.ஜி.பி. வண்ணமாகப் போனால் மோனோகுரோம் சி.டி.பி. (எல்லா நிறத்தையும் கறுப்பாக அச்சிடும் அமைப்புக் கோப்பு) வைத்து பிரின்ட் போட்டாலும் கோடு கறுப்பாகாது.

இதில் இன்னொரு வேலையும் சேர்ந்தால்தான் பலன் முழுதாகும். லேயர் பட்டியலில் கதவு வகையை விரித்து, பிளான் ஸ்விங் (கதவு திறப்பதைக் காட்டும் வளைகோடு) வரிக்குத் தனி லேயர் பெயர் கொடுங்கள். மின் ஆலோசகருக்குக் கதவுச் சட்டம் முக்கியமில்லை, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே முக்கியம். அந்த வளைகோடு தெரியாவிட்டால் சுவிட்ச்போர்டு கதவுக்குப் பின்னால் போய்விடும். தனி லேயரில் இருந்தால் சட்டத்தை மங்கலாக்கி வளைகோட்டை மட்டும் தெளிவாக வைக்கலாம். அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பிளாக் உட்கார்ந்திருக்கும் ஏ-டோர் லேயரை ஃப்ரீஸ் செய்தால், உள்ளே வேறு லேயரில் இருக்கும் வளைகோடும் சேர்ந்து மறையும். ஆஃப் செய்தால் அந்த லேயரின் கோடுகள் மட்டும் போகும், வளைகோடு நிற்கும்.

இழப்பு இல்லாமல் இல்லை. பழைய கட்டடத்தில் இடிக்கும் சுவருக்கு ஓவர்ரைடாகக் கொடுத்த புள்ளிக்கோடு இரண்டாவது வழியில் சாதாரணக் கோடாகிவிடும். இடிப்பு வரைபடத்தில் அது ஆபத்து. அங்கே மூன்றாவது வழிதான் சரி. அதை நான் ஒரே ஒரு புதுப்பிப்பு வேலையில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இடிக்கும் சுவர்கள் தனி லேயரில் அழகாகப் பிரிந்து வந்தன. ஆனால் நாங்கள் பெயர் வைக்காத லேயர்களும் சேர்ந்து வந்ததால், எது எதற்கு என்று ஆலோசகருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கட்டடத்தில் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பதை நான் பார்த்ததில்லை. அதனால் இடிப்பு வரைபடத்துக்கு மட்டும் தனியாக ஒரு செட்டப் சேமித்து வைத்திருக்கிறேன், மற்ற எல்லாம் இரண்டாவதில்தான் போகிறது.