'மைக்ரோபிளாஸ்டிக் இல்லாத மீன்' வாங்கினேன்: ஐந்துக்கு இரண்டு ஸ்டார்

செயலியின் பெயர் வேண்டாம். சென்னையில் மீனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் பல இருக்கின்றன, அதில் ஒன்று. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியதே, அதற்குப் பிறகு மீன் வாங்கப் போனால், அதில் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது பொடிப் பொடிப் பிளாஸ்டிக் துகள், இருக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இவர்களும் நேரம் பார்த்து ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்: "மைக்ரோபிளாஸ்டிக் இல்லாதது. ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது." ஸ்டிக்கர் இருந்தால் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவள் நான். அந்த வாசகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா தள்ளிவிட்டுப் போக மனசு வரவில்லை. அரை கிலோ வஞ்சிரம் துண்டும் கால் கிலோ நெத்திலியும் போட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்தது. வஞ்சிரம் நல்ல புது மீன். விரலால் அழுத்தினால் சதை எழும்பியது, நடுமுள்ளை ஒட்டின ரத்தம் கருக்காமல் சிவப்பாகவே இருந்தது, துண்டுகள் ஒரே கனம். கல்லில் போட்டபோது ஒன்றுகூட உதிரவில்லை. இரண்டு ஸ்டாரும் அதற்குத்தான்.

இனி ஸ்டிக்கருக்கு வருவோம். முதலில் ஒரு ஜிப் கவர், அதற்குள் கருப்பு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, மீனுக்கு அடியில் தண்ணீர் உறிஞ்ச ஒரு பட்டை, பக்கத்தில் ஜெல் ஐஸ் பொட்டலம். பச்சை ஸ்டிக்கரும் பிளாஸ்டிக்தான். இதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

வஞ்சிரத் துண்டைக் கழுவும்போது வெட்டு வாயின் ஓரத்தில், தோலும் சதையும் சேரும் இடத்தில், வெள்ளையாக நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. சதை நார் என்றுதான் முதலில் தோன்றும். சதை நார் இழுத்தால் அறுந்துவிடும், இது சுருண்டு சுருண்டு நின்றது. இடுக்கியால் இரண்டு மூன்றை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஊசியை அடுப்பில் காய்ச்சித் தொட்டேன். மீன் சதை என்றால் பொசுங்கும், தீய்ந்த வாடை வரும். இது உருகி, ஊசி முனையில் சின்னக் குமிழாகத் திரண்டது. மைக்ரோபிளாஸ்டிக்கைத் தேடும் ஆய்வகங்களே முதல்கட்டமாகச் செய்து பார்க்கிற சோதனைதான் இது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று ஊசி சொல்லாது. ஆனால் மீன் வெட்டும் கூடங்களில் கிடக்கும் வெள்ளைப் பலகை பாலிஎதிலீன், கத்தி விழ விழ அது சீவல் விடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கடைகளில் வெட்டி விற்ற கோழியிலும் மீனிலும் பாலிஎதிலீன் துகள் இருந்ததையும், அது வெட்டும் பலகையிலிருந்து வந்ததையும் 2022இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. கழுவினால் குறைந்ததாம், முழுக்கப் போகவில்லையாம். ஆக, கடலில் சேராத பிளாஸ்டிக்கையும் இவர்கள் தங்கள் செலவில் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நெத்திலி இன்னும் மோசம். "சுத்தம் செய்தது" என்று போட்டிருந்தார்கள். பாதி மீனுக்குத் தலை இருந்தது, வயிறு அப்படியே இருந்தது. எனக்கு இதில்தான் உண்மையான கோபம். மீன் விழுங்குகிற துகளில் பெரும்பங்கு குடலிலும் செவுளிலும்தான் தங்குகிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தினர் கேரளத்தில் விற்கும் ஒன்பது வகை மீன்களில் 270 மீன்களை அறுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். குடல், செவுள் என்று நாம் தூக்கிப் போடும் பகுதியில் துகள் இருந்தது 41.1 சதவீத மீன்களில். தோலிலும் சதையிலும் இருந்தது 7 சதவீத மீன்களில்தான். வஞ்சிரத்தில் குடல் எப்படியும் போய்விடும். குடலோடு வாய்க்குள் போவது நெத்திலி மாதிரிப் பொடி மீன்கள்தான். அதைக் கிள்ளாமல் அனுப்பிவிட்டு மேலே பச்சை ஸ்டிக்கர்!

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுப் பரிசோதனை அறிக்கை கேட்டேன். "கண்டிப்பா மேடம், மெயில்ல அனுப்பிடறோம்" என்றது ஒரு பையன் குரல். மறுநாள் வந்தது. ஈயம், காட்மியம், பாதரசம், ஃபார்மலின், கிருமி எண்ணிக்கை, எல்லாம் இருந்தது, எல்லாம் அளவுக்குள்ளேயே இருந்தது. மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். "எல்லா டெஸ்ட்டும் அதுல கவர் ஆயிடும் மேடம்." பாவம், அந்தப் பையனை என்ன சொல்வது.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயே இந்தத் துகள்களை உணவில் எந்த முறையில் அளப்பது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிய 2024இல்தான் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம், கொச்சி மீன்வள நிறுவனம், பிலானியின் பிட்ஸ் பல்கலைக்கழகம் மூன்றும் அதில் இருக்கின்றன. அளவுகோலையே அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, இந்தச் செயலி எதை வைத்து அளந்து "இல்லாதது" என்று அச்சடித்தது?

இதைப் படித்துவிட்டு யாரும் மீனை நிறுத்திவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தினர் 2018இல் ஒரு கணக்கு போட்டார்கள். பிரிட்டனில் ஒருவர் சிப்பி தின்று ஓராண்டில் உள்ளே தள்ளும் துகள் 123. அதே ஆள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது தட்டில் விழும் தூசியிலிருந்து போகும் இழைகள் 13,731 முதல் 68,415 வரை. சோபா, திரைச்சீலை, பாலியெஸ்டர் நைட்டி எல்லாம் சேர்ந்து போடும் தூசி. மீனை விட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பருப்பு சாதம் சாப்பிட்டால் தப்பித்துவிட முடியாது.

அப்புறம் நெத்திலிக்கு மெரினா பக்கம் இருக்கிற லூப் ரோடு மீன் அங்காடிக்கே போனேன். நொச்சிக்குப்பத்துக்காரர்களுக்காக 2024இல் திறந்த கட்டடம். அங்கே ஒரு அக்கா, உட்கார்ந்த இடத்திலேயே அருவாமனையில் மீனை ஆய்கிறார், பெரிய மீன் என்றால் மரக்கட்டை. பலகைச் சீவலுக்கு வேலையே இல்லை. "தலய கிள்ளிக் குடுக்கணும்னா நேரம் ஆவும்மா, நிப்பியா?" என்றார். நின்றேன். தலையைக் கிள்ளி ஒரு இழுப்பு இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடுகிறது, மீன் உடைவதில்லை. பேசிக்கொண்டே ஆய்கிறார், கண் மீனில் இல்லை. நான் கொண்டுபோன எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுத்தார். ஆயும் கூலியைச் சேர்த்தாலும் செயலி விலைக்குக் கீழேதான். குறை என்றால் இரண்டு: ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ஜிபே சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒன்று. அதே செயலியில் கீழே தள்ளிக்கொண்டே போனால் "முழு மீன், வெட்டாதது" என்று ஒரு பகுதி வரும். ஸ்டிக்கர் கிடையாது, கூடுதல் விலையும் கிடையாது. போன வாரம் முழுச் சங்கரா வாங்கி வீட்டில் நானே செதில் சீவி, செவுளும் குடலும் எடுத்துக் குழம்பு வைத்தேன். அதற்குத் தனியாக மதிப்பெண் போட வசதி இருந்தால் நாலு ஸ்டார் தாராளமாகப் போடுவேன். ஒன்றைக் குறைப்பது அந்தக் கருப்புத் தட்டுக்கு.