துணிக்கூரை கேபிள் மாற்றப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கூரையை மடித்துத் திறக்கிற கன்வெர்ட்டிபிள் கார் நம்ம பக்கம் அதிகம் கிடையாது. ஆனாலும் மார்த்தாண்டத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை அங்கங்கே பழைய வண்டிகள் உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவை. கல்யாண வீடு வந்தால் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். எங்கள் அண்ணனிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் துணிக்கூரையில் கேபிள் மாற்றக் கொடுத்து, பணமும் போய், நன்றாக இருந்த கூரையும் கிழிந்தது. புகார் நடப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் போகும் வழியில் இருக்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இதே வேலையை வேறு கடைகளிலும் செய்வார்கள்.

முதலில் இந்தக் கேபிள் எதற்கு என்று தெரிந்தால்தான் ஏமாற்று புரியும். துணிக்கூரையின் நடுப்பகுதியைக் குறுக்கே போகும் சட்டங்கள் தாங்குகின்றன. கதவுக் கண்ணாடிக்கு மேலே வருகிற ஓரத்துக்கு அப்படிச் சட்டம் கிடையாது. அந்த ஓரத்தில் துணியை மடித்துத் தைத்து, நாடா கோர்க்கிற மாதிரி ஒரு குழல் விட்டிருப்பார்கள். அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கேபிள் ஓடும். முன்முனை வண்டியின் முன்கண்ணாடிச் சட்டத்துப் பக்கம் ரிவெட் அடித்திருக்கும். பின்முனையில் ஒரு சிறிய ஸ்பிரிங். கூரை மூடும்போது ஸ்பிரிங் இழுத்து ஓரத்தை, கூரையை மடக்குகிற பக்கத்து இரும்புக் கைகளோடு ஒட்டவைக்கும், மடியும்போது விட்டுக்கொடுக்கும். வேகமாகப் போகும்போது கூரை மேல்நோக்கி உப்பாமல் இருப்பதற்கும், மடியும்போது துணி அந்த இரும்புக் கைகளுக்கு நடுவில் விழாமல் இருப்பதற்கும் இந்த ஒரு கேபிள்தான் காவல். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கூடவே கடற்காற்று. உறை ஒரு இடத்தில் விரிசல் விட்டால் போதும், கேபிள் உள்ளேயே துருப்பிடித்து இழை இழையாக அறும். எங்கள் வண்டியில் வலப்பக்க ஓரம் அலை அலையாக நின்றது, வேகம் எடுத்தால் படபடவென்று அடித்தது, மழையில் கண்ணாடி விளிம்பு நனைந்தது. தையல் குழலில் துருக்கறை தெரிந்தது. கேபிள்தான் என்று புரிந்து, அதை மட்டும் மாற்றத்தான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நன்றாகவே பேசினார். "சாரே, இது ஒரிஜினல் கேபிள் வரணும். லோக்கல் சாதனம் நம்ம போடறதில்லா." கேபிள் ஜோடி 22,000 ரூபாய், கூலி 12,000, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 40,120 என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். பாதிப் பணத்தை யூபிஐயில் வாங்கினார். அது கடைக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் பெயருக்குப் போனது. மீதி ரொக்கம். பில் கேட்டதற்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்று வரை வரவில்லை. பழைய கேபிளைக் கேட்டேன். "அது களஞ்ஞு சாரே, துருவல்லே?" துருப்பிடித்தது, தூக்கிப் போட்டாச்சு என்கிறார்.

வண்டி வந்தபோது பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஓரம் ஒட்டி நின்றது. ஒட்டி நின்றதற்குக் காரணம் பசை என்பது அப்போது தெரிய வழியில்லை.

சித்தி மகன் கல்யாணத்தன்று, தக்கலைப் பக்கம் மண்டபத்து வாசலில் அண்ணன் கூரையைத் திறக்கச் சுவிட்சை அமுக்கினார். பாதி மடிந்ததும் வலப்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டார், கூரை அப்படியே நின்றது. மடிகிற இரண்டு கைகளுக்கு இடையில் துணி சிக்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மாலையும் பூவுமாக மாப்பிள்ளை நிற்க, வேறு வண்டி கூப்பிட்டு அனுப்பினோம். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தால் பதில் தயாராக இருந்தது: "துணி பழசாயது கொண்டு கீறியதா சாரே. முழு டாப் மாத்தணும், ஒண்ணரை லட்சம் ஆகும்." எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான். கேபிளில் ஏமாற்றிய பணம் அவருக்குச் சின்னது. கேபிள் கெட்டால் துணி கிழியும், துணி கிழிந்தால் முழுக்கூரை வியாபாரம் அவரிடமே வரும்.

குழித்துறையில் அந்தக் காலத்து ஜீப்புகளுக்கு ஹூட் தைத்த ஒரு குஷன் கடை அண்ணாச்சி இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். கூரையைப் பாதி தூக்கி, கீழே இறங்காதபடி இரண்டு கட்டைகள் முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். (ஹைட்ராலிக் கூரை தானாக இறங்கினால் விரல் போய்விடும். முட்டுக்கொடுக்காமல் வேலை செய்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.) முன்பக்க ரப்பரைக் கழற்றி, துணி மடிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த கம்பியை இழுத்துக் காட்டினார்.

"தம்பி, இது பைக்குக்க கிளட்ச் வயருல்லா? உறையே கிடையாது. துணியத் தின்னுபோடும்."

கம்பியின் ஒரு முனையில் கிளட்ச் குமிழை வெட்டிய இடம் பளபளத்தது. இன்னொரு முனையில் வீட்டு ஒயரிங்கில் ஒயர் முனைக்குப் போடுகிற லக் ஒன்றைச் சுத்தியலால் நசுக்கி மாட்டியிருந்தார்கள். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் டை. இடப்பக்கத்தில் அதுவும் இல்லை, பழைய கேபிளையே விட்டுவிட்டு மேலே பசை தடவியிருந்தார்கள். 22,000 ரூபாய்க்கு 'ஜோடி' என்று சொன்னது இதைத்தான்.

அதைவிட வயிற்றெரிச்சல், தையலைக் கிழித்திருந்தது. முறையாகச் செய்கிறவர் பழைய கேபிளின் முனையில் கெட்டியான நூலைக் கட்டி மறுபக்கம் இழுப்பார். கேபிள் வெளியே வரும், நூல் குழலுக்குள் நிற்கும். அந்த நூலில் புதுக் கேபிளைக் கட்டித் திரும்ப இழுத்தால் தையலைத் தொடவே வேண்டாம். பழைய கேபிள் அறுந்திருந்தால் வளைந்துகொடுக்கிற ஒரு கம்பியை முதலில் விட்டு அதே மாதிரி நூலைக் கோர்க்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் பிளேடால் குழலைத் திறந்து, கம்பியை வைத்து, சோபா ஒட்டுகிற பசையால் மூடியிருக்கிறார்கள். வெயிலில் நின்றதும் பசை விட்டுவிட்டது. அது விட்டதும் ஓரம் தளர்ந்து கைகளுக்கு நடுவில் விழுந்தது. பசை ஊறிய இடத்தில் துணி அட்டையாக விறைத்துக் கிடந்தது.

சேசிஸ் எண்ணைக் கொடுத்து இரண்டு கேபிளும் வரவழைத்தோம். வரவழைத்த செலவோடு சேர்த்தும் கடைக்காரர் சொன்ன விலையில் பாதிகூட வரவில்லை. அண்ணாச்சி வளைந்த ஊசியால் குழலைக் கையாலேயே தைத்து, கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டுத் தந்தார். கூரை இப்போது ஒழுங்காக மடிகிறது. தழும்பு தழும்புதான், தூரத்திலிருந்தே தெரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் கடைசியாகச் சொன்னது: "கேஸ் கொடுக்கணுமெங்கில் திருவனந்தபுரம் வா." எல்லையில் இருக்கிறவர்களை இப்படித்தான் மிரட்டுகிறார்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்களுக்கு அது நாகர்கோவில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

ஜிஎஸ்டி என்று எழுதினால் கடையின் ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேளுங்கள். எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்கும். கேரளக் கடை என்றால் 32-இல் தொடங்கும், நம்ம பக்கம் 33. பதிவு செய்யாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. எங்கள் துண்டுச்சீட்டில் 18% இருக்கிறது, எண் இல்லை. அந்தச் சீட்டு, யூபிஐ ரசீது, 'ஒரிஜினல் கேபிள்' என்று அவர் அனுப்பிய குரல் பதிவு, கழற்றிய கிளட்ச் கம்பி, லக், டை எல்லாவற்றையும் படம் எடுத்துப் புகாரோடு கொடுத்திருக்கிறோம். அண்ணாச்சியும் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இந்த வேலையை இப்போதுதான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், துணி பிரித்திருக்கும்போது நேரில் போய் நில்லுங்கள். மூடிவிட்டால் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதுக் கேபிளைக் கையில் வாங்கிப் பாருங்கள்: உறை இருக்க வேண்டும், முனை வளையம் தொழிற்சாலையில் அழுத்தியதாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே அந்தப் பக்கத்துக் கடைகளில் கூரை வேலை செய்து வாங்கியிருந்தால், கூரையை மூடி வைத்தபடியே கதவைத் திறந்து, ஓரத் துணியை விரலால் மெதுவாக வெளியே இழுத்து விடுங்கள். ஸ்பிரிங் இருந்தால் துணி தானாகத் திரும்பிப் போய் ஒட்டும். இழுத்த இடத்திலேயே தொங்கி நின்றாலோ, பசை பிரிகிற மாதிரி சத்தம் கேட்டாலோ, யாராவது திறந்து பார்க்கும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.