ஹீட் பம்ப் விதிகள்: அமெரிக்காவும் ஐரோப்பாவும்

ஹீட் பம்ப் என்பது ஏசி போலக் குளிர்விக்கவும், வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கவும் செய்யும் கருவி. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் ஸ்பிளிட் (வீட்டுக்குள் ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி உள்ள) ஹீட் பம்புக்குக் குறைந்தபட்சம் எஸ்இஇஆர்2 (குளிர்விக்கும்போதுள்ள பருவத் திறன்) 14.3, எச்எஸ்பிஎஃப்2 (சூடாக்கும்போதுள்ள பருவத் திறன்) 7.5 வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 206/2012 விதிப்படி, 12 கிலோவாட் வரையுள்ள, காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து அறைக் காற்றைச் சூடாக்கும் ஹீட் பம்புக்குக் குறைந்தபட்சம் எஸ்சிஓபி (ஐரோப்பாவின் சூடாக்கும் பருவத் திறன்) 3.8. புவி வெப்பமாதல் திறன் (கார்பன் டை ஆக்சைடை 1 என வைத்து ஒப்பிடும் அளவு) 150க்கு மேல் போகாத குளிர்பொருளை நிரப்பினால் 3.42 போதும், இந்தச் சலுகை எனக்குப் பிடித்திருக்கிறது.

எச்எஸ்பிஎஃப்2 எண்ணை 3.412ஆல் (ஒரு வாட்-மணிக்கு இத்தனை பிடியு என்ற வெப்ப அலகு மாற்ற எண்) வகுத்தால் எஸ்சிஓபி கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சோதனை முறை, காலநிலைக் கணக்கு எல்லாமே வேறு. அமெரிக்கர்கள் 2023இல் காற்றுக் குழாய்ப்பாதைக்கான சோதனை அழுத்தத்தையே 0.1 அங்குல நீர் அழுத்தத்திலிருந்து 0.5க்கு உயர்த்தினார்கள்; அதே கருவிக்குப் புதிய எண் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, விதியை மீறினால்? இரண்டு இடத்திலும் எண்ணைச் சொல்வது உற்பத்தியாளர்தான். அமெரிக்காவில் எரிசக்தித் துறையிடம் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். தெரிந்தே மீறினால், விற்ற ஒவ்வொரு கருவிக்கும் அபராதம் விழலாம். ஐரோப்பாவில் சோதிப்பது உறுப்பு நாடுகளின் சந்தைக் கண்காணிப்பு அமைப்புகள். முதல் கருவியின் எண் உற்பத்தியாளர் சொன்னதைவிட 8 சதவீதத்துக்கு மேல் குறைந்து தோற்றால், இன்னும் மூன்றைச் சோதிப்பார்கள். கண்காணிப்பு நாட்டுக்கு நாடு மாறுவதால், அமெரிக்கப் பிடியே இறுக்கம் என்பேன்.